மரத்தால் கிடங்கு கட்டலாமா? – ஒரு விளக்கமும் வகுப்பறைக் குறிப்புகளும்

சென்ற தவணையில் உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு வாய்மொழிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தில் மரத்தாலான ஒரு பெரிய கட்டடம். “இப்படிக் கட்டுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதா? உன் கருத்து என்ன?” என்று கேட்டேன். ஒரு மாணவன் யோசிக்கவே இல்லை. “நல்லதில்ல டீச்சர். மரம் நமக்கு உயிர்மூச்சு. மரத்தை வெட்டவே கூடாது” என்றான். தொடக்கநிலையிலிருந்து அவன் எழுதிவரும் வரி அது. பக்கத்தில் இருந்த மாணவி விடவில்லை. “அப்படின்னா என்டியுல ஆறு மாடிக்கு மரத்துலயே கட்டியிருக்காங்களே, அதை எப்படி பசுமைக் கட்டடம்னு சொல்றாங்க?” என்று கேட்டாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு” என்று சொல்லி அன்று மழுப்பிவிட்டேன். உண்மையில் எனக்கே தெளிவாகத் தெரியாது. அதன்பிறகு தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சுற்றுச்சூழல் தலைப்புகளில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும் என நம்புகிறேன்.

பொங்கோலிலிருந்து தொடங்குவோம்

நம் மாணவர்களில் பலர் பொங்கோலில் வசிக்கிறார்கள். ஒரு காலத்தில் கம்பங்களும் பண்ணைகளும் இருந்த இடம். கம்பத்து வீடுகளில் மரமும் அத்தாப்புக் கூரையும்தான் இருந்தன. இன்று வீவக அடுக்குமாடிகள், நீர்வழி, பெருவிரைவு ரயில் நிலையங்கள், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம், பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் எல்லாம் வந்துவிட்டன. இவற்றில் பெரும்பகுதி கான்கிரீட்.

அந்தக் கான்கிரீட் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பொங்கோலுக்கு மேற்கே, சிலேத்தார் கரையை ஒட்டி, புலாவ் பொங்கோல் தீமோர் என்ற சிறு தீவு இருக்கிறது. கட்டுமானத்துக்கான கருங்கல் ஜல்லி படகுகளில் வந்து இறங்கும் முனையம் அங்கேதான் உள்ளது. நம்மிடம் இப்போது கல்லுடைக்கும் இடங்கள் இல்லை. புலாவ் உபினில் கல் வெட்டுவது 1999இல் நின்றுபோனது. மணல், ஜல்லி, சிமெண்ட் மூன்றுக்கும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது நம் கட்டுமானத்துறை திணறியது. சேமித்து வைத்திருந்த மணலை அரசாங்கம் வெளியே விட வேண்டியிருந்தது.

ஆக, “மரம் வெட்டக் கூடாது” என்று எழுதும் மாணவர் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: மரம் வேண்டாம் என்றால் வேறு எதைக் கொண்டு கட்டுவது? அதற்கு என்ன விலை கொடுக்கிறோம்?

சிமெண்ட்டின் விலை இதுதான். சுண்ணாம்புக்கல்லை உலையில் ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். அந்த வெப்பத்துக்காக எரிக்கும் எரிபொருள் ஒரு பக்கம் புகையை வெளியிடுகிறது. இன்னொரு பக்கம், சூடான சுண்ணாம்புக்கல்லே தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது.

பொறியியல் மரம் என்றால் என்ன?

இங்கே சொல்லப்படும் மரம், காட்டில் வெட்டி அப்படியே நிறுத்திவைக்கும் தூண் அல்ல. ஸ்ப்ரூஸ், பைன் போன்ற வேகமாக வளரும் மரங்களைப் பலகைகளாக அறுத்து, ஈரம் ஏறக்குறைய 12 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை உலர்த்துகிறார்கள். கணுவும் பிளவும் உள்ள பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல துண்டுகளைப் பசையிட்டு அழுத்தி ஒட்டுகிறார்கள். இதில் இரண்டு வகைகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வகையில் எல்லாப் பலகைகளின் இழையும் ஒரே திசையில் ஓடும். இதை ஒட்டடுக்கு மரம் எனலாம்; தொழில்துறையில் ‘கிளூலாம்’ என்பார்கள். நீண்ட உத்தரங்களுக்கும் தூண்களுக்கும் இது பயன்படும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஹெட்சர் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே இது நேற்று வந்த புதுமை இல்லை.

இரண்டாவது வகையில் ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் இருக்கும். மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையில் அடுக்குவார்கள். இதைக் குறுக்கடுக்கு மரம் எனலாம். ‘சிஎல்டி’ என்பது தொழில்துறைப் பெயர். 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்த முறை இது. மரம் இழையின் திசையில் வலுவானது, குறுக்கே பலவீனமானது. விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடும். சுவராகவும் தளமாகவும் இதைப் பயன்படுத்தலாம்.

ஒரு கனமீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ எடை. அதே அளவு குறுக்கடுக்கு மரம் 500 கிலோவுக்குள்தான். எடை குறைந்தால் அடித்தளமும் சிறிதாக இருக்கலாம். தொழிற்சாலையிலேயே அளவு பார்த்து அறுத்து, துளையிட்டு, கட்டுமானத் தளத்தில் போல்ட் போட்டு இணைத்துவிடலாம். தூசியும் சத்தமும் குறையும், வேலையாட்களும் குறைவாகத் தேவைப்படுவார்கள்.

ஏன் கிடங்கைப் பற்றிப் பேசுகிறோம்?

சிங்கப்பூரில் இந்த மரத்தின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள் இரண்டும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒன்று 2017இல் திறக்கப்பட்ட ‘தி வேவ்’ விளையாட்டரங்கு. அதன் அலை போன்ற கூரை 72 மீட்டர் தூரத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. மற்றொன்று 2023 மே மாதம் திறக்கப்பட்ட ‘காயா’. வகுப்பில் அந்த மாணவி சொன்ன ஆறு மாடிக் கட்டடம் இதுதான். பரப்பளவு 43,500 சதுரமீட்டர்.

கிடங்குக்கும் விளையாட்டரங்குக்கும் தேவை ஒன்றுதான்: நடுவில் தூண் இல்லாத அகலமான இடம். தூண் இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் திரும்ப முடியாது, அலமாரி வரிசைகளும் தடைபடும். இன்னொரு காரணமும் உண்டு. அலுவலகக் கட்டடம் தன் வாழ்நாளில் குளிரூட்டிக்கே ஏராளமான மின்சாரத்தைச் செலவிடும். சாதாரணக் கிடங்கில் குளிரூட்டி இருக்காது. அதனால் அங்கே கட்டுமானப் பொருளை உருவாக்கும்போது வெளியான கரிமத்தின் பங்கு மொத்தக் கணக்கில் பெரிதாக இருக்கும். எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பது அலுவலகத்தைவிடக் கிடங்கில் அதிக வித்தியாசத்தை ஏற்படுத்தும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2024இல், அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் குறுக்கடுக்கு மரம், எஃகு, கான்கிரீட் மூன்றையும் கலந்து தரவு நிலையங்கள் கட்டுவதாக அறிவித்தது. அமேசான், இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட்டில் ஒரு பொருள் விநியோக நிலையத்தைப் பொறியியல் மரத்தால் அமைத்திருக்கிறது.

“தீப்பிடிக்காதா டீச்சர்?”

எல்லா வகுப்பிலும் முதலில் வரும் கேள்வி இது. பிடிக்கும். ஆனால் தடித்த மரம் எரியும் விதமே வேறு. தீக்குச்சி நொடியில் சாம்பலாகிவிடும். பெரிய அடிமரக் கட்டை மேலே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். அடுப்பெரித்த பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். மேலே உருவாகும் கரிப்படலமே உள்ளே வெப்பம் போகாமல் தடுக்கிறது. இவ்வகை மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 முதல் 0.7 மில்லிமீட்டர் ஆழம்தான் கருகும். ஒரு மணி நேரத்தில் சுமார் 40 மில்லிமீட்டர். பொறியாளர் அந்த அளவைக் கூடுதலாகச் சேர்த்தே உத்தரத்தை வடிவமைக்கிறார். எஃகு எரியாது என்பது உண்மை. ஆனால் பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் 550, 600 டிகிரியில் அது தன் வலுவில் பாதியை இழந்து வளைந்துவிடும்.

இதை வைத்து “மரமே பாதுகாப்பானது” என்று எழுதிவிடக் கூடாது. கிடங்கில் எரிவது கட்டடம் மட்டுமல்ல, உள்ளே கூரைவரை அடுக்கிய அட்டைப்பெட்டிகளும்தான். எந்தப் பொருளால் கட்டினாலும் தானியங்கி நீர்த்தெளிப்பானும் சரியான வடிவமைப்பும் தேவை.

மரத்தை வெட்டுவது எப்படிப் பசுமையாகும்?

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

வளரும் மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு டன் உலர்ந்த மரத்துக்குள் சுமார் 1.8 டன் கரியமில வாயுவுக்கு இணையான கரிமம் பூட்டிக் கிடக்கிறது. காட்டில் மரம் விழுந்து மக்கினால் அது மெல்ல மெல்லக் காற்றுக்குத் திரும்பிவிடும். அதையே வெட்டி உத்தரமாக்கினால், கட்டடம் நிற்கும்வரை அது பூட்டியே இருக்கும். வெட்டிய இடத்தில் புதுக் கன்று நட்டால் அது மறுபடியும் காற்றிலிருந்து எடுக்கத் தொடங்கும்.

இதில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. கட்டுரையில் மதிப்பெண் கிடைப்பதும் இங்கேதான்.

ஒன்று, மரம் எங்கே வளர்ந்தது? ‘காயா’வுக்கான மரம் ஆஸ்திரியா, சுவீடன், ஃபின்லாந்து ஆகிய நாடுகளின் முறையாகப் பராமரிக்கப்படும் காடுகளிலிருந்து வந்தது. அங்கே வெட்டுவதும் நடுவதும் கணக்கோடு நடக்கின்றன. பழைய மழைக்காட்டை அழித்து எடுத்த மரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மாணவன் சொன்னதே சரி.

இரண்டு, மரம் எதற்குப் பதிலாக வருகிறது? கான்கிரீட்டும் எஃகும் செய்யும் வேலையை மரம் செய்தால்தான் லாபம். கான்கிரீட் கட்டடத்தின்மேல் அழகுக்காக மரப்பலகை ஒட்டினால் கூடுதல் செலவுதான், மிச்சம் எதுவும் இல்லை.

மூன்று, கட்டடத்தை இடிக்கும்போது மரம் எங்கே போகும்? பலரும் இதைக் கேட்பதில்லை. கிடங்கைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. நம் ஊரில் தொழில்துறை நிலம் பெரும்பாலும் 20 முதல் 30 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கிறது. குத்தகை முடிந்ததும் பல கட்டடங்கள் இடிக்கப்படும். அப்போது அந்த மரம் எரியுலைக்குப் போனால், 30 ஆண்டுகளாகப் பூட்டி வைத்த கரிமம் ஒரே நாளில் காற்றில் கலந்துவிடும். கரிமத்தை நாம் சேமித்ததாக ஆகாது, தள்ளிப்போட்டதாகத்தான் ஆகும்.

மாறாக, போல்ட்டைக் கழற்றி உத்தரங்களை அப்படியே பிரித்தெடுத்து வேறு கட்டடத்தில் பொருத்தினால் கணக்கு தொடரும். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வணிகம் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கில் தூண்கள் நிறுத்திச் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீடுகள் பிரிக்கப்படும்போது தூண், கதவு, நிலை எல்லாம் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து, வேறு வீடுகளிலும் விடுதிகளிலும் மறுபடி நிற்கின்றன. ஒரே மரம் இரண்டு, மூன்று கட்டடங்களுக்கு உழைக்கிறது. மரக் கிடங்கு கட்டுபவர்களும் கட்டும்போதே பிரிப்பதற்கும் திட்டமிட்டிருக்க வேண்டும். கான்கிரீட்டை ஊற்றி மரத்தோடு நிரந்தரமாகப் பிணைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நம் ஊரில் என்ன தடை?

முதல் தடை ஈரமும் கரையானும். பொறியியல் மரம் வளர்ந்த நாடுகள் குளிர் நாடுகள். நம் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் அதிகம். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பூஞ்சையும் அழுகலும் வரும். நீண்ட இறவாரம், மழைநீர் தேங்காத வடிவமைப்பு, அடிக்கடி சோதனை ஆகியவை கட்டாயம் தேவை. ‘காயா’விலேயே தரைத்தளத்தின் அடிப்பகுதி, கழிவறைகள், வெளிப்படிக்கட்டுகள் ஆகியவை கான்கிரீட்தான். தண்ணீர் படும் இடத்தில் மரத்தை வைக்கவில்லை.

இரண்டாவது தடை நிலப் பற்றாக்குறை. எல்கார்ட்டில் இருப்பதுபோல் ஒரே மாடியில் பரந்து கிடக்கும் கிடங்குக்கு இங்கே இடம் இல்லை. நம் கிடங்குகள் பல மாடிகள் கொண்டவை. 40 அடிக் கொள்கலன் லாரியே சாய்தளம் வழியாக மேல்மாடிக்கு ஏறிப்போகும். அந்தப் பாரத்தையும் அதிர்வையும் தாங்கும் தளத்துக்கும் சாய்தளத்துக்கும் கான்கிரீட்தான் இன்று நடைமுறைக்கு ஏற்றது. கூரை, மேல்மாடி, அலுவலகப் பகுதி ஆகியவற்றுக்கு மரம் பொருத்தமானது. எனவே “கிடங்கு முழுவதையும் மரத்தால் கட்ட வேண்டும்” என்பதைவிட “எந்தப் பகுதிக்கு எந்தப் பொருள்” என்று யோசிப்பதே நமக்குப் பயன்தரும்.

மூன்றாவது தடை பணம். மரத்தை இறக்குமதி செய்ய வேண்டும், அனுபவமுள்ள நிறுவனங்கள் குறைவு, பராமரிப்புச் செலவும் உண்டு. ஆனாலும் 2050க்குள் நிகர சுழிய வெளியேற்றத்தை எட்டுவது நம் நாட்டின் இலக்கு. கட்டட, கட்டுமான ஆணையத்தின் பசுமை முத்திரைத் திட்டமும், மின்சாரச் சிக்கனத்தோடு நிற்காமல், கட்டடத்தின் முழு ஆயுளுக்கான கரிமத்தையும் இப்போது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும்.

வகுப்பறைக்கு

இந்தத் தலைப்பைக் கருத்துரைக்கும் கட்டுரைக்கும் வாய்மொழிக்கும் பயன்படுத்தலாம். நான் பயன்படுத்திய கேள்விகள் சில:

1. நீ வசிக்கும் வட்டாரத்தில் ஒரு புதிய கிடங்கு கட்டப்போகிறார்கள். அதை மரத்தால் கட்டலாமா? உன் கருத்தைக் காரணத்தோடு கூறு.
2. “மரத்தை வெட்டுவது எப்போதும் தவறு.” இக்கூற்றை நீ ஏற்கிறாயா?
3. உன் வீட்டில் மறுபயன்பாடு செய்யப்பட்ட ஒரு பொருளைப் பற்றிக் கூறு. அதனால் என்ன நன்மை?

மாணவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, நன்மை மூன்று, தீமை மூன்று என்று பட்டியலிட்டுவிட்டு முடிவில் “ஆகவே நன்மையும் தீமையும் உண்டு” என்று எழுதுவது. (வகுப்பில் நான் சொன்ன பதிலும் அதுதான்!) அதற்குப் பதிலாக ‘ஆல்’, ‘ஆனால்’, ‘மட்டுமே’, ‘இல்லாவிட்டால்’ ஆகியவற்றைக் கொண்டு நிபந்தனை வாக்கியம் அமைக்கப் பழக்குங்கள். ஒரு மாதிரி:

“முறையாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து மரம் வந்தால், கிடங்கின் கூரையை மரத்தால் அமைப்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் குத்தகை முடிந்ததும் அதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தத் திட்டம் இல்லாவிட்டால், அந்த ஆதரவை நான் தரமாட்டேன்.”

இரண்டே வாக்கியங்கள். கருத்து இருக்கிறது, காரணம் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது.

சொல்வளம்

உத்தரம் – கூரையின் அல்லது தளத்தின் பாரத்தைத் தாங்கும் கிடைமட்ட மரம்.
இழை – மரத்துக்குள் நீளவாட்டில் ஓடும் நார் வரிசை.
இறவாரம் – சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் கூரை விளிம்பு.
குத்தகை – குறிப்பிட்ட காலத்துக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை.
மறுபயன்பாடு – பொருளை உருமாற்றாமல் மீண்டும் பயன்படுத்துவது. உருக்கியோ அரைத்தோ புதுப்பொருள் செய்வது மறுசுழற்சி. இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.
கிடங்கு – பண்டைத் தமிழில் அகழியைக் குறித்த சொல். பிறகு பொருள் சேமிக்கும் இடத்தைக் குறித்தது. மலாயில் ‘குடாங்’, ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ ஆகிய சொற்கள் தென்னிந்தியாவின் இச்சொல்லிலிருந்து பிறந்திருக்கலாம் என்று அகராதி அறிஞர்கள் கருதுகிறார்கள். நகரத்தார் சிங்கப்பூரில் வட்டித்தொழில் நடத்திய இடங்களின் பெயரான ‘கிட்டங்கி’யும் இதன் உறவுச்சொல்லே. மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கமாட்டார்கள்.

அடுத்த வாரம் அதே வகுப்புக்குப் போய், மழுப்பியதை ஒப்புக்கொண்டு, இவற்றை விளக்கினேன். “மரத்தை வெட்டவே கூடாது” என்ற மாணவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்போ நான் ‘வெட்டவே’யில இருக்கிற ஏகாரத்தை மட்டும் எடுத்துட்டு, எப்போ வெட்டக் கூடாதுன்னு எழுதணும், சரியா டீச்சர்?” என்றான். சரி என்றேன். அந்தக் கட்டுரையை அவன் திருத்தி எழுதித் தந்திருக்கிறான். மூன்றாவது நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டான். அதை ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.